முன்னெச்சரிக்கை தவக்குலுக்கு முரணா?

கடலுக்கடியில் பூமி அதிர்ந்தால் கரையில் எத்தனை உயரத்துக்கு அலை எழும், எத்தனை நேரத்தில் வந்து சேரும் என்று கணக்கிட்டுச் சொல்கிறார்களே, இது அல்லாஹ் ஒருவனே அறிந்த மறைவான விஷயத்தில் தலையிடுவதாகாதா? விதித்தது விதித்தபடி நடக்கும் என்று ஈமான் கொண்ட நாம், இந்தக் கணக்கை நம்பி வீட்டை விட்டு ஓடலாமா? நல்லெண்ணத்தோடு கேட்கப்படும் கேள்விகள் இவை. நிதானமாகவே பார்ப்போம்.

முதலில், அந்தக் கணக்கு எதைச் சொல்கிறது? காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளருக்கு இது எளிதில் விளங்கும். சேலைக் கரையில் மயில் வர வேண்டுமானால், முதலில் கட்டம் போட்ட தாளில் அதை வரைகிறார்கள். எந்த இழை எழும்ப வேண்டும், எது தங்க வேண்டும் என்று ஒவ்வொரு கட்டமும் சொல்லும். அதன்படி அட்டை குத்தி, ஜக்கார்டில் கோத்த பிறகே நெசவு. கடல் கணக்கும் இப்படித்தான். கடலைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, இன்ன இடத்தில் கடல்தரை இவ்வளவு உயர்ந்தால் நீர் கட்டத்துக்குக் கட்டம் எப்படி நகரும் என்று கணினியில் போட்டுப் பார்க்கிறார்கள். 4,000 மீட்டர் ஆழத்தில் அலை மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர் ஓடும். 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது வேகம் சுமார் 36 கிலோமீட்டராகக் குறையும். வேகம் குறையக் குறைய உயரம் கூடும். பூமி எப்போது அதிரும் என்று இந்தக் கணக்கு சொல்வதில்லை. அதிர்ந்தால் என்ன நேரும் என்பதோடு அது நின்றுவிடுகிறது. ஆகவே இது மறைவானதை அறிந்ததாகச் சொல்லிக்கொள்வதல்ல. தண்ணீருக்கு அல்லாஹ் வைத்த ஒழுங்கைப் படிப்பதே.

2004 டிசம்பர் 26 அன்று காலை 6.29 மணிக்குச் சுமத்ரா அருகே பூமி அதிர்ந்தது. தமிழகக் கரையை அலை தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8,000 உயிர்கள் போயின. அவற்றில் பெரும்பகுதி நாகப்பட்டினம் மாவட்டத்தில். அந்த நேரத்தில் கரைக்குச் செய்தி சொல்ல இந்துமாக்கடலில் ஓர் ஏற்பாடும் இல்லை. அலை விதியென்றால், அதற்கு முன் கிடைத்த இரண்டு மணி நேரம் மட்டும் விதிக்கு வெளியே நின்றதா? அதுவும் அவன் தந்ததுதானே!

ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியிருப்பதாக வழியிலேயே அறிந்த ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் தம்முடன் வந்தவர்களோடு திரும்ப முடிவு செய்தார்கள். விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று ஹஜ்ரத் அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கமே செல்வதாக விடையளித்தார்கள். விதி என்னும் சொல் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு ஆறுதல். காப்பாற்றும் பொறுப்பில் இருப்பவருக்கு அது சாக்காகிவிடக் கூடாது.

2007ஆம் ஆண்டு அக்டோபரில் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது. பல நிலநடுக்கங்களைக் கற்பனையாக வைத்து முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் பூமி அதிர்ந்தபோது, எச்சரிக்கை கேட்டுத் தமிழகக் கரை மக்கள் மேட்டுக்குச் சென்றனர். கடல்தரை மேலெழாமல் பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை வரவில்லை. சொன்னவர் பொய்யரா? இல்லை. நடந்துவிட்ட அதிர்வை அளந்து, அலை வரக்கூடும் என்றார்கள். 2004 டிசம்பர் 30 அன்று நடந்தது வேறு. இன்னொரு பேரலை வரலாம் என்ற ஆதாரமற்ற முன்னறிவிப்பு கரையெங்கும் பீதியைக் கிளப்பி, துயரத்தில் இருந்த மக்களை மீண்டும் ஓடவிட்டது. இரண்டிலும் அலை வரவில்லை. ஆயினும் முன்னது அமானிதம், பின்னது வதந்தி. கேட்ட செய்தியை விசாரித்து அறியும்படி மார்க்கம் நமக்கு இட்ட கட்டளை இந்த வேறுபாட்டுக்காகவே.

கருவி இல்லாதவர்களும் இந்த அமானிதத்தைக் காத்திருக்கிறார்கள். சுமத்ராவை அடுத்த சிமெலுவே தீவில் முஸ்லிம்களே பெரும்பாலோர். 1907இல் அங்கே பேரலை பலரைக் கொண்டுபோனது. பூமி பலமாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்று பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். 2004இல் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட அத்தீவு மக்களில் இறந்தவர் ஏழே பேர்.

அலைக்குப் பின் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவ மக்களுக்கு உணவும் இடமும் தந்ததை நன்றியோடு நினைக்கிறோம். பின்னால் கொடுக்கும் ஒரு பிடி சோறு தர்மமானால், முன்னால் சொல்லும் ஒரு வார்த்தையும் தர்மமே. காஞ்சிபுரத்துக்குக் கடல் வராது என்று நாம் இருந்துவிட வேண்டாம். நம் பெண்மக்கள் கடலோர ஊர்களில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார்கள். விடுமுறைக்கு நம் பிள்ளைகள் கடற்கரைக்குப் போகிறார்கள். அந்தப் பாட்டிமார் சொன்னதை நாமும் நம் வீட்டில் ஒருமுறை சொல்லிவைப்போம். எச்சரிக்கை வந்து அலை வராமற்போனால் அல்ஹம்துலில்லாஹ் என்று வீடு திரும்பி, அடுத்த முறையும் அதே பணிவோடு எழுந்து செல்வோம்.

அறிவையும் அதைப் பயன்படுத்தும் பொறுப்புணர்வையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.