தாயின் துயரம் யார் பொறுப்பு?

குழந்தை பிறந்த வீடு மகிழ்ச்சியால் நிறைந்திருக்க வேண்டும் என்பது நம் எல்லோருடைய எதிர்பார்ப்பு. உறவினர் வருகின்றனர், சர்க்கரை வழங்கப்படுகிறது, தொட்டில் கட்டப்படுகிறது. அதே வீட்டில் பெற்றவள் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கண்ணீர் வடிப்பதும் உண்டு. பிள்ளையைத் தூக்கவே மனம் வரவில்லை என்று அவள் சொல்லிவிட்டால், “பெற்ற பிள்ளைமேல் பாசமில்லாதவளும் ஒரு தாயா?” என்னும் கேள்வி எழுகிறது. பிறர் கேட்குமுன்பே அவள் அதைத் தன்னிடம் கேட்டுவிடுகிறாள். அக்கேள்வி நீதியானதுதானா என்று நாம் சற்றே ஆராய்வோம்.

அன்பு என்னும் ஒரே சொல்லால் நாம் இரண்டைக் குறிக்கிறோம். ஒன்று, உள்ளத்தில் தானே ஊறும் உணர்வு. மற்றொன்று, பிறருடைய நன்மையை நாடும் மன உறுதி. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தாமஸ் அக்குவினாஸ், அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, அன்பு செய்தலைப் பிறருக்கு நன்மையை விரும்புதல் என்றே விளக்கினார். உணர்வு வற்றிய நிலையிலும் நள்ளிரவில் எழுந்து பால் கொடுக்கிறவள் தன் பிள்ளையின் நன்மையை விரும்பவே செய்கிறாள். எழவும் இயலாதபடி நோய் ஒருத்தியை வீழ்த்தியிருந்தால், அவளைக் கடிவது காய்ச்சல் கண்டவனிடம் உடல் ஏன் சுடுகிறது என்று சினப்பதற்கு ஒப்பாகும்.

பேற்றுக்குப் பின் முதல் சில நாள்களில் தாய்மார் பலருக்கு உண்டாகும் கலக்கமும் அழுகையும் இரண்டு வாரங்களுக்குள் தணிந்துவிடும். அதற்கு மேலும் நீடித்து, உறக்கத்தையும் பசியையும் நம்பிக்கையையும் குலைப்பது மனச்சோர்வு நோய். அது சிகிச்சையால் குணமாவது.

இந்நோய் எச்சூழலில் வளர்கிறது? வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி வட்டாரச் சிற்றூர்களில் ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். பேற்றுக்குப் பின் நூற்றுக்கு 11 தாய்மார் இந்நோய்க்கு ஆளாயினர். குறைந்த வருவாய், மகனை எதிர்பார்த்த வீட்டில் மகள் பிறந்தமை, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கருவுற்ற காலத்தில் நேர்ந்த துன்பங்கள், வேலையில் கைகொடுக்க ஆளின்மை ஆகியவை அதனோடு தொடர்புடையனவாகக் காணப்பட்டன. இவற்றுள் அத்தாய் தனித்து மாற்றக்கூடியது எது? சுற்றியிருப்போர் மாற்றக்கூடியவையோ பல. ஆகவே, பொறுப்பு பற்றிய கேள்வி அவளைவிட்டு அவர்களிடம் திரும்புகிறது.

உளநல ஆற்றுப்படுத்துதல் தனியாளோடு நின்றுவிடாமல் தம்பதியரையும் குடும்பத்தையும் அழைப்பது இதனாலேயே. தனியே பேசும்போது தாய் அச்சமின்றித் தன் மனத்தைத் திறக்கிறாள். கணவன் உடனிருக்கும்போது, இரவு விழிப்பை எவ்வாறு பகிர்வது என்பது பேச்சுக்கு வருகிறது. மாமியார் அமரும்போது, அறிவுரைக்கும் குத்தலுக்கும் உள்ள வேறுபாடு புலப்படுகிறது. இப்பணிக்குப் பெரும் பொருட்செலவு தேவை என்பதும் இல்லை. பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதிச் சிற்றூர்களில், பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் மனச்சோர்வுற்ற தாய்மாரை வீடுதேடிச் சென்று ஆற்றுப்படுத்தினர். பேற்றுக்கு ஆறு மாதங்களுக்குப் பின் அவர்களுள் நூற்றுக்கு 23 பேரிடமே நோய் எஞ்சியது. வழக்கமான வருகை மட்டும் பெற்றோரிடம் அது 53ஆக இருந்தது. இவ்வாய்வு 2008இல் வெளிவந்தது.

“எங்கள் காலத்தில் பத்துப் பிள்ளை பெற்றோமே, இதெல்லாம் இருந்ததா?” என மூத்தோர் வினவுவர். இருந்தது, அதைச் சொல்ல இடமில்லை. சொல்லாமல் தாங்கியவர்களை யாரும் எண்ணிப் பார்க்கவுமில்லை.

இல்லாத குரல் கேட்டல், உறக்கமே இன்மை, தன்னையோ குழந்தையையோ மாய்க்கும் எண்ணம் ஆகியவை தோன்றினால், மந்திரிக்க அழைத்துச் செல்லாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று அஞ்சித் தயங்கவும் வேண்டாம். உளநலச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கலாகாது என 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. குழந்தைக்கு ஆபத்து இருந்தால் மட்டுமே விலக்கு உண்டு.

பிள்ளை பார்க்கப் போகும் நாம், குழந்தை யார் சாயல் என்று பேசி மகிழ்கிறோம். தாயின் அருகிலும் சிறிது நேரம் அமர்ந்து, “நீ உறங்கினாயா, அம்மா?” என்று கேட்போம். அவள் சொல்லும் விடைக்குத் தீர்ப்புச் சொல்லாதிருப்போம். அவள் கண்ணயரும்வரை குழந்தையை நம் மடியில் வைத்துக்கொள்வோம்.