ஊசியும் ஒப்புதலும்

நோய் வருமுன் காப்பதே அறிவுடைமை என்பதில் நம்மிடையே கருத்து வேற்றுமை இல்லை. ஆயின் அக்காப்பினை அரசு கட்டாயமாக்கலாமா? அதிலும், குழந்தைமை கடந்து முழு வயது எய்தாத வளரிளம் பருவத்தினர்க்குத் தடுப்பூசியைக் கட்டளையாக இடலாமா? இவ்வினா என் இல்லத்திலேயே எழுந்தது.

நடுவண் அரசு அலுவலகமொன்றில் எழுத்தராகப் பணிபுரிபவன் நான். நாள்தோறும் கோப்புகளில் சுருக்கொப்பம் இடுவது என் தொழில். ஒரு மாலை, பதின்மூன்று வயதான என் மகள் பள்ளியிலிருந்து ஒப்புதல் படிவம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி பற்றியது அது. அலுவலகப் பழக்கத்தில் படிக்காமலே ஒப்பமிட்டுக் கொடுத்தேன். "படித்துப் பார்த்தீர்களா, அப்பா? ஊசி போடப்போவது என் கையில்தானே?" என்றாள். நான் விடையின்றி நின்றேன்.

கட்டாயம் வேண்டும் என்போரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. 1796இல் எட்வர்ட் ஜென்னர் செய்துகாட்டிய அம்மை குத்தும் முறை 1802இல் பம்பாயை வந்தடைந்தது. 1880இல் அதற்கெனச் சட்டமும் பிறந்தது. நம் நாட்டில் பெரியம்மை இறுதியாகக் காணப்பட்டது 1975இல். 1980இல் உலகினின்றே அது ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. அவரவர் விருப்பம் என விட்டிருந்தால் இவ்வெற்றி கைகூடியிருக்குமா என்பது அவர்தம் கேள்வி.

எனினும் எல்லா ஊசிகளும் ஒரு தன்மையன அல்ல. நம் நாட்டில் 10 வயதிலும் 16 வயதிலும் போடப்படும் ஊசி இரணஜன்னியையும் தொண்டை அடைப்பானையும் தடுப்பது. இவற்றுள் இரணஜன்னி ஒருவரிடமிருந்து மற்றவர்க்குத் தொற்றாது. அதற்கான காப்பை மறுப்பவன் தனக்கே தீங்கு தேடிக்கொள்கிறான். தட்டம்மையோ மூச்சுக்காற்றிலேயே பரவும். ருபெல்லா பள்ளிச் சிறுவனுக்குச் சில நாள் காய்ச்சலோடு போய்விடும். அவனிடமிருந்து கருவுற்ற பெண்ணுக்குத் தொற்றினால், பிறக்கும் மகவின் கண்ணும் செவியும் இதயமும் பழுதுறக்கூடும். இங்கே மறுப்பின் விலையை மறுத்தவன் கொடுப்பதில்லை. ஆகவே, கொள்ளைநோய் பரவும் காலத்தில், ஊசி போடாத பிள்ளையைச் சில நாள் பள்ளிக்கு வரவேண்டாம் என அரசு கூறுவது அறமே ஆகும்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான நச்சுயிரியோ வகுப்பறையில் பரவுவதன்று. பாலுறவு வழிப் பரவுவது. அருகில் அமர்ந்த பிள்ளையைக் காப்பதற்கு என்னும் நியாயம் அதற்குப் பொருந்தாது. ஆயினும் ஆண்டுதோறும் நம் நாட்டுப் பெண்கள் பல்லாயிரவரைக் கொல்லும் நோய் அது. தொற்று நேருமுன் போடும் ஊசியே நிறைந்த பயன் தரும். பயன் இத்துணைப் பெரிதாயின் கட்டாயப்படுத்தினால் என்ன என்று தோன்றும். நடந்த நிகழ்ச்சிகள் வேறு பாடம் கற்பிக்கின்றன.

2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பள்ளி வயதுச் சிறுமியர்க்கு இவ்வூசி போடப்பட்டது. சிறுமியர் சிலர் இறந்ததையடுத்து 2010இல் அப்பணி நிறுத்தப்பட்டது. அம்மரணங்கள் பெரும்பாலும் ஊசியால் நேர்ந்தவை அல்ல என்றே விசாரணைக் குழு கருதியது. ஆனால் பெற்றோர் இடவேண்டிய ஒப்பத்தை விடுதிக் காப்பாளரும் தலைமையாசிரியரும் இட்டிருந்தது வெளிப்பட்டது. 2013இல் நாடாளுமன்றக் குழு அதனை வன்மையாகக் கண்டித்தது. ஊசியில் இல்லாத நஞ்சு ஒப்பத்தில் கலந்துவிட்டது. அதனால் பிறந்த ஐயம் அந்நற்பணியைப் பல்லாண்டு பின்னுக்குத் தள்ளியது.

2019 ஜனவரியில், பெற்றோர் ஒப்புதலின்றிப் பள்ளிகளில் தட்டம்மை - ருபெல்லா ஊசி போடும் ஏற்பாட்டை டில்லி உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2022 மே மாதத்தில் கொரோனா ஊசி பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், எவரையும் வற்புறுத்தி ஊசி போடலாகாது எனவும், பொது நலம் கருதி அரசு தக்க வரையறைகள் விதிக்கலாம் எனவும் தீர்ப்பளித்தது. இவ்விரண்டும் முரண் அல்ல. ஒரு தராசின் இரு தட்டுகள்.

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகள் கூறினார். அவற்றுள் முதலில் நிற்பவன் நோயுற்றவன். இறுதியில் நிற்பவன் அருகிருந்து உதவுபவன். தடுப்பூசியில் நோயுற்றவன் இல்லை. நலமாயிருப்பவனே கை நீட்டுகிறான். அவ்வாறாயின் அவனை முதலில் வைப்பது இன்னும் இன்றியமையாதது அன்றோ? அரசின் இடம் அருகிருந்து உதவுபவனின் இடம்.

அவரவர் விருப்பத்திற்கு விட்டால் ஏழையின் மகளும் எழுத்தறியாதவரின் மகளும் காப்பின்றிப் போவார்களே என்பர். உண்மை. அதனால்தான் விருப்பத்திற்கு விடுவது அரசின் வேலையைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது. ஊசியை இலவசமாக ஊர்தோறும் கொண்டு செல்லவேண்டும். அவரவர் மொழியில் எடுத்துரைக்கவேண்டும். ஐயங்களுக்கு முகம் சுளிக்காமல் விடையிறுக்கவேண்டும். சுற்றறிக்கை ஒன்றை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என இருப்பது எத்துணை எளிது என்பதை என்னைப் போன்ற எழுத்தன் நன்கறிவான். கட்டாயம் பல வேளைகளில் வலிமையின் அடையாளம் அன்று, சோம்பலின் அடையாளம்.

அன்றிரவு படிவத்தைத் திரும்ப வாங்கி, இருவரும் வரி வரியாகப் படித்தோம். நாணத்தால் நான் விளக்கத் தயங்கியவற்றை என் மனைவி விளக்கினாள். எஞ்சிய ஐயங்களை மறுநாள் மருத்துவ அம்மையார் தீர்த்துவைத்தார். "போட்டுக்கொள்கிறேன்" என்றாள் மகள். படிவத்தில் பிள்ளையின் ஒப்பத்திற்கு இடமில்லை. என் பெயரின் கீழ்த் தன் பெயரையும் சிறிதாக எழுதினாள். நான் தடுக்கவில்லை. ஊசி அவள் கையில் அல்லவா?