காய்ச்சலுக்குப் பெயர் வைக்கும் அவசரம்

"இது என்ன காய்ச்சல், டாக்டர்?" இந்தக் கேள்விக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் பாதி நிம்மதி வந்துவிடுகிறது. டைபாய்டு, டெங்கு, வைரஸ், எதுவோ ஒன்று. வீட்டில் கேட்பவர்களுக்குச் சொல்ல அது போதும். அந்தப் பெயர் சரிதானா என்று திருப்பிக் கேட்கும் தெம்பு, உடம்பு கொதிக்கும்போது யாருக்கும் இருப்பதில்லை.

திண்டிவனத்தைச் சுற்றிய கிராமங்களில் மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் ஸ்க்ரப் டைபஸ் வரும். உண்ணிக் காய்ச்சல் என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. மாட்டின் காதில் தொங்குகிற உண்ணி இதைப் பரப்புவதில்லை. எலிகள் நடமாடும் புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு சிற்றுண்ணியின் இளம்புழு கடித்துத்தான் கிருமி உடம்புக்குள் போகிறது. மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லை, சவுக்குத் தோப்பு, வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கிய இடம் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் நாளெல்லாம் புழங்குகிற இடங்கள்தான் அதற்கும் வீடு. கடித்தபோது ஒன்றும் தெரியாது. ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் மண்டையைப் பிளக்கும் தலைவலியும் வரும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போய் உயிரையே வாங்கிவிடும்.

என் அக்காவுக்கு வந்தபோது முதலில் கிடைத்த பெயர் டைபாய்டு. வைடால் பரிசோதனைச் சீட்டில் அப்படித்தான் இருந்தது. 1896-இல் வந்த பரிசோதனை அது. டைபாய்டு பரவலாக உள்ள ஊரில், எப்போதோ வந்துபோன தொற்றின் தடயத்தைக்கூட அது இன்றைய நோயாகக் காட்டிவிடும் என்பது மருத்துவர்கள் அறிந்ததே. ஆனால் விலை குறைவு, சாயங்காலத்துக்குள் முடிவு வந்துவிடும். ஊசி போட்டார்கள். டைபாய்டுக்குப் போடும் அந்த ஊசி, செல்லுக்குள் புகுந்து வாழும் ஸ்க்ரப் டைபஸ் கிருமியை ஒன்றும் செய்யாது. காய்ச்சல் இறங்காதபோதும் யாரும் பெயரைச் சந்தேகிக்கவில்லை, ஊசியைத்தான் மாற்றினார்கள். பெயர் இல்லாமல் இருந்திருந்தால் தேடலாவது தொடர்ந்திருக்கும் என்று அப்போதிருந்து எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு, எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுபோலப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே ஓர் இளம் மருத்துவர் சீட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, "காடு கழனிக்குப் போவீங்களாம்மா?" என்று கேட்டார். "மல்லாட்டை புடுங்கப் போனேங்க" என்றாள் அக்கா. செவிலியரைக் கூப்பிட்டுத் திரையை இழுத்துவிட்டு உடம்பு முழுக்கப் பார்த்தார்கள். பாவாடை நாடா இறுகும் இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு இருந்தது. அது வலிக்கவும் இல்லை, அரிக்கவும் இல்லை. அதனால் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

டாக்சிசைக்ளின் தொடங்கி இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. சாதாரணமான, மலிவான மாத்திரை.

சிற்றுண்ணி கடித்த இடத்தில் உண்டாகும் அந்தப் பொருக்கு எல்லோருக்கும் இருப்பதில்லை. இருந்தாலும் அக்குள், மார்புக்கு அடியில், தொடையிடுக்கு, இடுப்பு என்று ஒளிந்திருக்கிறது. கூட்டம் நெருக்கும் புறநோயாளிப் பிரிவில், கட்டிய புடவையோடு நிற்கும் பெண்ணிடம் அதை எப்படித் தேடுவது? ஒரு திரை வேண்டும், ஒரு பெண் செவிலியர் வேண்டும், ஐந்து நிமிடம் வேண்டும். இம்மூன்றும் இல்லாததால் நோய் முற்றிப் போகிறவர்களை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. எலைசா பரிசோதனை இருக்கிறதே என்றால், எதிர்ப்பொருள் ஊறிவர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதற்குமுன் ரத்தம் எடுத்தால் 'இல்லை' என்றே வரக்கூடும். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் முன்னின்று ஏழு இந்திய மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. நோய் கடுமையானவர்களுக்கு டாக்சிசைக்ளினோடு அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் ஏற்றினால் சிக்கல்கள் குறைகின்றன என்று அது காட்டியது. ஆனால் இறப்பு குறையவில்லை. முற்றுவதற்கு முன்பே பார்த்துவிடுவதற்கு ஈடாக வேறு எதுவும் இல்லை என்றுதான் நான் அதைப் படித்துக்கொள்கிறேன்.

உண்ணிக்கடியால் வரும் லைம் நோயின் கதையும் ஒரு பெண்ணைக் கேட்டதில்தான் திரும்பியது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற சிற்றூர். பாலி மர்ரே என்ற தாய் தனக்கும் பிள்ளைகளுக்கும் வந்த மூட்டுவலி, தடிப்பு, காய்ச்சல் எல்லாவற்றையும் குறித்து வைத்தார். பல ஆண்டுகள் அவரை யாரும் பொருட்படுத்தவில்லை. 1975-இல் அவரும் இன்னொரு தாயும் மாநிலச் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் வந்து விசாரித்தார். கிருமி அடையாளம் காணப்பட்டு 1982-இல் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகும் அங்கே ஒரு வழக்கு தீரவில்லை. சிகிச்சை முடிந்தும் சிலருக்குச் சோர்வும் வலியும் மாதக்கணக்கில் நீடிக்கின்றன. தொடர்ந்து ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் நிலையான பலன் தெரியவில்லை. "கிருமி இல்லை, போய்வாருங்கள்" என்பவரிடமிருந்து அவர்கள், "கிருமி இன்னும் உள்ளே இருக்கிறது, நான் விரட்டுகிறேன்" என்பவரிடம் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் வலி பொய் என்று கேட்டுத் திரும்பியவர் வேறெங்கே போவார்?

அக்காவுக்கும் காய்ச்சல் விட்ட பிறகு பல மாதம் கால் தள்ளாடியது. இரண்டு குடம் தண்ணீர் தூக்கினால் உட்கார்ந்துவிடுவாள். மறுபடி அதே மருத்துவரிடம் போனோம். ரத்தம் பார்த்தார், நெஞ்சுப் படம் எடுத்தார். "கிருமி போயிடுச்சும்மா. இந்த அசதி ஏன் இவ்வளவு நாள் இருக்குன்னு எனக்குத் தெரியல. ஆனா நீங்க சொல்றது நிஜம்னு தெரியுது. அடுத்த மாசம் வாங்க, பார்க்கலாம்" என்றார்.

புது மாத்திரை எதுவும் எழுதவில்லை. பேருந்தில் திரும்பும்போது, அடுத்த மாதம் எந்தத் தேதியில் போகலாம் என்று அக்கா பேசிக்கொண்டே வந்தாள். வேறு டாக்டரைப் பார்ப்போமா என்று அவள் கேட்கவில்லை.