மெருகும் உழைப்பும்

அழகிய பொருளொன்றைக் கண்டு மகிழும்போது அதனை ஆக்கியவனை மறப்பது குற்றமாகுமா? இவ்வினாவை அறநூல்களின் துணைகொண்டு ஆராய்வதிலும், கடைந்தெடுத்த மரக்கிண்ணமொன்றைக் கையிலெடுத்து ஆராய்வது பயனுடையது. மரத்துக்கு மெருகேற்றும் தொழிலிலே இவ்வினா கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பிலேயே எழுகின்றது.

கடைசற் பொறியிற் கடைந்த கிண்ணத்தை மினுக்குவதற்கு இன்று பலரும் கையாளும் முறை எளியது. கிண்ணத்தைக் கழற்றிவிட்டு, அதே பொறியின் சுழல்தண்டிலே துணிச்சில்லொன்றைப் பூட்டுவர். சில்லுகள் மூன்று, பெரும்பாலும் எட்டங்குல விட்டமுடையவை. முதலாவது சில்லிலே திரிப்போலி எனப்படும் நுண்ணிய சிலிக்காப் பொடி கலந்த கட்டியைத் தேய்ப்பர். இரண்டாவதில் ‘வெள்ளை வைரம்’ என்னும் கட்டி. பெயரிலன்றிப் பொருளில் வைரமில்லை. அது அலுமினிய ஒட்சைட்டுத் தூளாலானது. மூன்றாவது மென்மையான பருத்திச் சில்லு; அதற்குரியது கார்னோபா மெழுகு. நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,750 தடவை சுழலும் சில்லிலே கிண்ணத்தை இரு கைகளாலும் பிடித்து மெல்ல அழுத்த வேண்டும். விளிம்பு சில்லில் அகப்பட்டுவிட்டால் கிண்ணம் கையிலிருந்து பறிக்கப்பட்டு வீசப்படும். கார்னோபா மெழுகு உருகுவதற்கு 80 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். கைத்துணியால் எளிதில் இளக்கவியலாத அம்மெழுகை, உராய்விற் பிறக்கும் வெப்பம் இளக்கி மெல்லிய படலமாகப் பரப்புகின்றது.

மெருகு குறைகளை மூடிவிடும் என்பது பொதுவான எண்ணம். உண்மை அதுவன்று. எஞ்சியுள்ள கீறல்கள் ஒளியலையின் நீளத்திலும், அதாவது ஒரு மில்லிமீற்றரின் ஏறத்தாழ 2,000இல் ஒரு பங்கிலும், நுண்ணியவையானாலன்றி மேற்பரப்பு கண்ணாடிபோல் ஒளிராது. அரத்தாள் தேய்க்கும் வேலையிலே அசட்டை காட்டியிருந்தால், அங்கே தங்கிய கீறலை மெருகு மறைப்பதில்லை, எடுத்துக்காட்டுகின்றது. ஆகவே, பொருளைப் பற்றி மெருகு பொய் சொல்வதில்லை. அது பொய் சொல்வது உழைப்பைப் பற்றியே. உளியின் தடமும் அரத்தாளின் வரியும் முற்றாக அழிந்தபின், கிண்ணம் தானே தோன்றியது போலக் காட்சி தருகின்றது.

1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்திலே கார்ல் மார்க்ஸ் இதனைச் சுட்டியுள்ளார். செவ்வனே அமைந்த பொருளில் அதன் பின்னேயுள்ள உழைப்பு நினைவுக்கு வருவதில்லை. வெட்டாத கத்தியும் வலுவற்ற நூலுமே அவற்றைச் செய்தவரை நினைவூட்டுகின்றன என்பது அவர் கருத்து. தொழிலாளியின் நிலையிலுள்ள முரண் இதுவே: பிழைவிட்டால் ஏசுவதற்காக நினைக்கப்படுகின்றான், திறம்படச் செய்தால் மறக்கப்படுகின்றான்.

மறக்கப்படுபவன் கடைசற்காரன் மட்டுமல்லன். கார்னோபா வடகிழக்குப் பிறேசிலின் வறண்ட மாநிலங்களான சியாரா, பியாவி முதலியவற்றில் வளரும் ஒரு மரம். நம் பனையின் இனத்தது. வறட்சியில் நீரை இழந்துவிடாதிருக்க அது தன் ஓலையின்மேல் மெழுகைப் பூசிக்கொள்கின்றது. பனங்கருக்குப் போன்ற கூரிய முட்களுடைய மட்டைகளை, நம் கொக்கத்தடியை ஒத்த நீண்ட கழிகளால் தொழிலாளர் அறுத்து வீழ்த்துகின்றனர். ஓலைகளை வெயிலிற் காயவைத்து, அடித்து, உதிரும் பொடியை உருக்கி மெழுகாக்குகின்றனர். 1888இல் அடிமை முறையைச் சட்டத்தால் ஒழித்த பிறேசில், 1995இல், அடிமைநிலை உழைப்பு இன்னும் தன் மண்ணில் உண்டென ஒப்புக்கொண்டு, நடமாடும் பரிசோதகர் குழுக்களை அமைத்தது. 2017இல் ஜேர்மன் தொலைக்காட்சி ஒன்றின் ஆவணப்படம் கார்னோபாத் தோட்டங்களின் நிலையை வெளிக்கொணர்ந்தது. தொழிலாளர் திறந்தவெளியில் உறங்கினர். வடிகட்டாத ஆற்றுநீரைக் குடித்தனர். அவர்களிடையே பதினெட்டு வயது நிரம்பாதோரும் இருந்தனர். கிண்ணத்தின் ஒளியில் இவர்களின் முகம் தெரிவதில்லை.

இதற்குப் பரிகாரம் மெருகையே துறப்பதா? அவ்வாறு எண்ணத் தூண்டியவர் ஜோன் றஸ்கின். 1853இல் கொதிக் கட்டடக் கலையைப் பற்றி எழுதிய அவர், குறையற்ற வழுவழுப்பைக் கோருவது தொழிலாளியைக் கருவியாக்குவதென்றும், கரடுமுரடான வேலையிலே அவன் சுதந்திரம் வெளிப்படுகின்றதென்றும் வாதித்தார். உயர்ந்த மனத்தின் வாதம் இது. ஆயின் 1899இலேயே தோஸ்தைன் வெப்லன் அதன் மறுபக்கத்தைக் கண்டார். கைவேலையின் பிசகுகளும் செல்வரின் பெருமைச் சின்னங்களாகி, அதிக விலைக்கு விற்கப்படுகின்றன என்றார் அவர். உளித்தடத்தைக் கிண்ணத்தில் விட்டுவைப்பதால் உளி பிடித்தவனுக்கு உரிமை வந்துவிடாது, தடமும் சரக்காகிவிடும்.

அன்றேல், ஆக்கியவனை நேரில் அறிந்திருப்பது போதுமா? ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் நூலிலே கண்டிநாட்டின் அரக்கு வேலையும் இடம்பெறுகின்றது. அங்கும் சுழலும் மரத்திலே அரக்குக் குச்சியை அழுத்தி, உராய்வு வெப்பத்தால் இளக்கியே வண்ணமும் மினுக்கமும் ஊட்டினர். அக்கிராமத்திலே கைவினைஞனை எல்லோரும் அறிவர். ஆனால், அவனுடைய சாதியையும் சேர்த்தே அறிவர். நிலத்துக்கு ஈடாக அரசுக்கும் கோயிலுக்கும் ஊழியம் செய்யக் கட்டுண்டவன் அவன். 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்ட பின்னரும் கோயில் நிலங்களில் ஊழியக் கடமை தொடர்ந்தது. முகம் தெரிந்ததனால் அவனுக்கு விடுதலை கிடைத்துவிடவில்லை. பழங்கிராமத்தைப் பொற்காலமாகப் பாடுவோர் இதனை மனங்கொள்ள வேண்டும்.

எனவே, மறதி என்பது இரசிகனின் மனக்குறை மட்டுமன்று. உழைப்போனை உற்பத்தியின் உரிமையிலிருந்து பிரித்துவைக்கும் உறவுகளே அதனை நாள்தோறும் உண்டாக்குகின்றன. நன்றியுணர்வினால் மாத்திரம் அது நீங்காது. நடமாடும் பரிசோதகர் குழு தோட்டத்துக்குட் செல்வதும், தொழிலாளர் சங்கமாகத் திரள்வதும், பட்டறையில் தூசியை உறிஞ்சும் பொறி பொருத்தப்படுவதுமே அதனை நீக்கும் வழிகள். மரத்தூளை 1995இலும், சிலிக்காப் படிகத் தூசியை 1997இலும் புற்றுநோய்க் காரணிகளென அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அறிவித்துள்ளது. மினுக்குபவனின் நுரையீரலும் விலையில் ஒரு பங்கைச் செலுத்துகின்றது.

அழகை வெறுப்பது நம் நோக்கமன்று. மரத்தின் வரிகளை ஒளிரச் செய்யும் திறன் மனிதனின் உயர்ந்த திறன்களுள் ஒன்று. அத்திறனுக்குரியோர் மாந்தராக வாழும் நிலையை வேண்டுவதே அழகை மதிப்பதாகும். ஆசிரியரும் மாணவரும் பளபளக்கும் எப்பொருளைக் கண்டாலும் ‘என்ன விலை?’ என்பதோடு நின்றுவிடாது, ‘அவ்விலையில் யாருக்கு எவ்வளவு?’ என்றும் வினவப் பழகுதல் வேண்டும்.