குற்றமும் இடமும்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் சாலையில் என் மைத்துனரின் கார் திணற ஆரம்பித்தது. சமவெளியில் இல்லாத திணறல். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி உதறியது. முகப்பில் என்ஜின் விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்தது. பட்டறைகளில் இதை ‘மிஸ்ஸிங்’ என்பார்கள். நான்கு சிலிண்டர்களில் ஒன்று தன் முறை வரும்போது எரியாமல் விட்டுவிடுகிறது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போய் அங்குள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுக்கும். விளக்கு மினுக்குவது அதற்கான எச்சரிக்கை. மெதுவாகத் திரும்பி இறங்கினோம்.

மறுநாள் ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் நான்கு காயில்களையும் நான்கு பிளக்குகளையும் மாற்றிக் கொடுத்தார்கள். வண்டி நன்றாக ஓடுகிறது. பில்லில் தொகை இருந்தது, காரணம் இல்லை. எது கெட்டிருந்தது என்று கேட்டேன். “எல்லாத்தையும் மாத்தியாச்சு சார், இனிமே வராது” என்றார்கள். பணத்தைவிட இந்தப் பதில்தான் என்னை உறுத்தியது. கேள்வி எழுந்த இடத்தையே அழித்துவிடுவது பதில் ஆகுமா?

அம்பாஸடர் காரில் இந்தக் கேள்வி இப்படி எழாது. அதில் ஒரே காயில். பாட்டரியின் 12 வோல்ட்டை அது பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தும். டிஸ்ட்ரிபியூட்டர் அதை முறைவைத்து நான்கு பிளக்குகளுக்கும் பங்கிடும். சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்து 1910-ல் காடிலாக் கார்களில் வந்த ஏற்பாட்டின் வம்சம் அது. காயில் செத்தால் வண்டியே நின்றுவிடும். பிறகு, ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் என்றாயிற்று. தனிப்பட்ட குற்றம் என்பது இந்த ஏற்பாட்டில்தான் சாத்தியமாகிறது.

குற்றப்பத்திரிகையைக் கம்ப்யூட்டர் எழுதுகிறது. ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது கிராங்க் தண்டுக்கு ஓர் உந்துதல் கிடைக்கிறது. ஓர் உந்துதல் தவறினால் தண்டின் வேகம் கணநேரம் குறைகிறது. அது யாருடைய முறை என்று பார்த்து, இரண்டாவது சிலிண்டர் என்றால் பி0302 என்று பதிவு செய்கிறது. இதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது. காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா, கம்ப்ரெஷனா என்று அந்த எண் சொல்வதில்லை. அது இடத்தைச் சொல்கிறது. நாம் அதைக் காரணமாக வாசிக்கிறோம்.

சிறிய பட்டறைகளில் ஒரு சோதனை உண்டு. வண்டியை அணைத்து, ஆறவிட்டு, இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி நான்காவதில் போடுவார்கள், நான்காவதினுடையதை இரண்டாவதில். வேறெதையும் தொடமாட்டார்கள். பதிவை அழித்துவிட்டு வண்டியை ஓட்டிப் பார்ப்பார்கள். பி0304 வந்தால் குற்றம் காயிலோடு இடம் பெயர்ந்திருக்கிறது. பி0302-வே திரும்ப வந்தால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கைப் பார்க்கவேண்டும். காயிலையும் பிளக்கையும் சேர்த்து மாற்றினால் ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் வந்த திணறலை ஏற்றத்தில்தான் சோதிக்க வேண்டும். சுமை கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது, பொறி தாவ அதிக வோல்ட் வேண்டியிருக்கிறது, நலிந்த காயில் அப்போதுதான் கைவிடும்.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-ல் வெளியிட்ட தர்க்க நூலில் வேற்றுமை முறை என்று வகுத்தது இதைத்தான். மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவணர் புகையைக் கொண்டு நெருப்பை அனுமானிக்கக் கற்றுத்தருகிறார். அங்கே புகையும் நெருப்பும் ஒரே மலையில் இருக்கின்றன. என்ஜினில் புகை எங்கே என்று தெரிந்த பிறகும் நெருப்பு எது என்று தெரிவதில்லை. ஒன்றை இடம் பெயர்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிகிறது.

இதை நான் எழுதக் காரணம் கார் அல்ல. சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு காசாளரின் கவுண்ட்டரில் மூன்று தடவை பணம் குறைந்தது. அவரை வேறு கிளைக்கு மாற்றினார்கள். கோப்பில் ஒரு வரி ஏறியது. மூன்று தடவை குறைந்ததே, போதாதா என்றுதான் நானும் நினைத்தேன். அவருக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் போன பின்னும் அதே இருக்கையில் பணம் குறைந்தது. காலையில் அந்த இருக்கைக்கு வந்த கட்டுகளை எண்ணிச் சரிபார்க்கும் வழக்கம் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. குற்றம் ஆளோடு போகவில்லை, இடத்திலேயே இருந்தது. சோதனை நடந்தேவிட்டது, ஆனால் அதைச் சோதனை என்று யாரும் நினைக்கவில்லை. அதனால் முடிவையும் யாரும் வாசிக்கவில்லை. கோப்பின் வரி அப்படியே இருக்கிறது. காயிலை இடம் மாற்றினால் காயிலுக்கு ஒன்றுமில்லை. மனிதனுக்கு மாற்றுவதே தண்டனையாகிவிடுகிறது.

சரி, புது இடத்திலும் அவரிடம் பணம் குறைந்திருந்தால்? நிரூபணமாயிற்று என்றிருப்போம். காயில் விஷயத்தில்கூட அது போதாது. பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றால் பொறிக்கு அதிக வோல்ட் தேவைப்படுகிறது. அந்தப் பாரத்தில் காயிலின் உள்காப்பு நாளடைவில் உடைகிறது. வால்வு கவர் பேக்கிங் கசிந்து எண்ணெய் பிளக் குழியில் இறங்கினாலும் காயிலின் ரப்பர் உறை கெடும். சோதனை காயிலைத்தான் காட்டும், சரியாகவே காட்டும். ஆனால் அது உடைந்த இடம், உடைத்தது வேறு. உடைந்த காயிலை மாற்றித்தான் ஆகவேண்டும், அதில் கருணைக்கு இடமில்லை. ஆனால் மாற்றியதோடு விசாரணை முடிந்தது என்பவர் புதுக் காயிலையும் அதே எண்ணெயில் நிறுத்துகிறார்.

நம் வட்டத்துக்கும் இது பொருந்தும். ஒரு கவிதை எடுபடாதபோது ‘புதுக்கவிதையே இப்படித்தான்’ என்பவர் நான்கு காயில்களையும் மாற்றுகிறவர். எந்தச் சொல்லில் பொறி விட்டது என்று பார்க்க அவருக்குப் பொறுமையில்லை. சொல்லைக் காட்டிவிட்டு, அதை அங்கே கொண்டு வந்த நிர்ப்பந்தத்தைப் பாராமல் நிறுத்திக்கொள்கிறவரும் பாதி வழியில் நிற்கிறார். நான் பல கட்டுரைகளில் அந்தப் பாதி வழியில் நின்றிருக்கிறேன்.

கழற்றிய நான்கு காயில்களும் ஒரு பிளாஸ்டிக் பையில் மைத்துனரின் கார் டிக்கியில் கிடக்கின்றன. மூன்று நல்லவையாக இருக்கலாம். நான்குமே நல்லவையாக இருந்து, கெட்டது ஒரு பிளக்காகவும் இருக்கலாம். ஒவ்வொன்றாக மறுபடி மாட்டி அந்த ஏற்றத்தில் ஓட்டினால் தெரிந்துவிடும். வண்டிதான் ஓடுகிறதே என்கிறார் அவர்.