விருந்தாளிக்காகப் பெருக்கிய வானம்

2008 ஆகஸ்டில் ஒலிம்பிக் போட்டிக்காக அமெரிக்க சைக்கிள் வீரர்கள் நால்வர் பெய்ஜிங் விமான நிலையத்தில் வந்திறங்கினார்கள், முகத்தில் கறுப்பு மாஸ்க்குடன். அதைக் கொடுத்ததே அவர்கள் நாட்டு ஒலிம்பிக் குழுதான். விருந்துக்குப் போன வீட்டில் மூக்கைப் பொத்தலாமா என்று பேச்சு எழ, நால்வரும் மன்னிப்புக் கேட்டார்கள். காற்றைக் கெடுத்ததற்காக மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களின் வரிசை வேறு, அது நீளம்.

அதற்குள் காற்றைச் சுத்தமாக்க நகரம் பாதி நிறுத்தப்பட்டிருந்தது. ஜூலை 20 முதல் செப்டம்பர் 20 வரை ஒற்றைப்படை எண் கார்களுக்கு ஒரு நாள், இரட்டைப்படைக்கு மறுநாள். கட்டட வேலைகள் நின்றன. ஷோகாங் இரும்பாலை உற்பத்தியைக் குறைத்துக்கொண்டது.

விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைக் கூட்டிப் பெருக்குவது எந்த ஊரிலும் உள்ளதுதான். அதைப் பாசாங்கு என்று ஏசுவது சுலபம், நியாயமல்ல. ஆனால் வாசலில் கிடக்கும் குப்பை கண்ணை உறுத்துவதோடு சரி. காற்று ரத்தம்வரை போகிறது. அந்தக் கோடையில் பெய்ஜிங்கில் 125 இளம் மருத்துவர்களின் ரத்தத்தைப் போட்டிக்கு முன்பும், போட்டியின்போதும், பின்பும் சோதித்தார்கள். நோயில்லாத உடம்புகள். அழற்சியையும் ரத்த உறைவையும் காட்டும் அளவுகளில் சில போட்டி நாட்களில் இறங்கின. கார்கள் திரும்பியதும் அவற்றில் பலவும் மறுபடி ஏறின.

ஆண்டு முழுக்க ஊரை இப்படி நிறுத்திவைக்க முடியுமா? முடியாது. கட்டட வேலை நின்றால் அன்றாடக் கூலிக்காரர் வீட்டு அடுப்பும் நிற்கும். இது கனமான வாதம். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் ஒன்று மாறிவிட்டது. பெருநகரம் என்றால் புகை இருக்கத்தான் செய்யும் என்று அதுவரை கையை விரிக்க முடிந்தது. அந்த இரண்டு மாதத்துக்குப் பிறகு மிச்சமிருப்பது செலவுக் கணக்குதான்: சுத்தமான காற்றுக்கு யார் கொடுப்பது, யாருக்காகக் கொடுப்பது.

பெய்ஜிங் அந்தக் கணக்கை முழுதாகத் தட்டிக்கழிக்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் காரை வீட்டில் விடும் விதி தொடர்ந்தது. ஷோகாங் ஹெபெய் மாகாணக் கடற்கரைக்குக் குடிபெயர்ந்தது. புகையின் விலாசத்தை மாற்றுவதும் புகையைக் குறைப்பதும் ஒன்றல்ல என்பதை ஹெபெய்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கர்ப்பத்தின் எட்டாம் மாதம் ஒலிம்பிக் நாட்களில் அமைந்த பெய்ஜிங் தாய்மார்களின் குழந்தைகள், 2007லும் 2009லும் அதே நாட்களில் எட்டாம் மாதத்தில் இருந்தவர்களின் குழந்தைகளைவிடச் சராசரியாக 23 கிராம் கூடுதல் எடையுடன் பிறந்தன. 23 கிராம் என்பது ஐந்து ஸ்பூன் சர்க்கரை. 2009இன் தாய்மார்களும் அதே ஊரில்தான் இருந்தார்கள். அந்த ஆகஸ்டில் விருந்தாளி யாரும் வரவில்லை.