நீதிபதியின் இன்னொரு காதல்

சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் பெங்களூரில் நீதிபதியாக இருந்தவர் ராம் ராஸ். தஞ்சாவூரில் பிறந்து, எழுத்தர் வேலையில் தொடங்கி அந்தப் பதவிக்கு உயர்ந்தவர். வழக்கு அவர் தொழில். கோயில் கட்டடக் கலை அவர் காதல்.

அன்று 'மானசாரம்' முதலிய சிற்ப நூல்களின் ஏடுகள் சிதைந்தும் பிழை மலிந்தும் கிடந்தன. ஏடு படித்த பண்டிதருக்கு உளி தெரியாது. உளி பிடித்த சிற்பிக்கு வடமொழி விளங்காது. ராம் ராஸ் இருவரிடமும் கேட்டார். ஏட்டிலுள்ள அளவுகளை, நிற்கும் தூணோடும் கோபுரத்தோடும் ஒப்பிட்டார். இரு தரப்பையும் விசாரித்து, சாட்சியைச் சோதித்து முடிவுக்கு வரும் நீதிமன்றப் பழக்கமே அவர் ஆய்வு முறையும் ஆயிற்று.

இந்துக்களின் கட்டடக் கலை பற்றிய அவருடைய ஆங்கில நூல், 48 படத்தகடுகளோடு 1834-இல் லண்டனில் ராயல் ஆசியாட்டிக் சங்கத்தின் சார்பில் வெளிவந்தது. அச்சில் அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. அவர் சொன்ன தீர்ப்புகள் இன்று யார் நினைவிலும் இல்லை. ஓய்வு நேரத்தில் செய்த வேலை அவர் பெயரைக் காத்து நிற்கிறது.

அவர் பணியாற்றிய பெங்களூரிலேயே, ஆடுகோடிக்கு அருகே மடிவாளா சோமேசுவரர் கோயிலில் 'வெங்காலூர்' ஏரியைக் குறிப்பிடும் 1247-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அந்த ஊரில் இருந்தால், அவரைப் போல ஓய்வு நேரத்தில், அடுத்த ஞாயிறு காலை போய்ப் பாருங்கள். சம்பளத்துக்கு ஒரு வேலை இருக்கட்டும். மனத்துக்கும் ஒன்று வேண்டும்.